சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஏன் காய்ச்சல்?

ராத்திரி பதினொன்றரை மணி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் ஓய்ந்து வெகு நேரம் ஆகிவிட்டது. ஒரு வீட்டின் முன்னறையில் மட்டும் 'உய்ங்ங்...' என்று ஒரு சத்தம். மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை. கம்ப்யூட்டரின் ஃபேன். மானிட்டர் அணைந்து கிடக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தால், இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல அனல்.

அந்த வீட்டுக்காரர் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர். அந்தக் காலத்தில் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பினார். இப்போது அதே கட்டங்களை கம்ப்யூட்டரில் நிரப்புகிறார். அதை வைத்து அட்டை குத்துவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறினால்தான் சேலையின் கரையில் மயிலும் அன்னமும் வரும். கம்ப்யூட்டர் படுத்தால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால், நெசவாளிக்கு அன்றைய கூலி இல்லை.

மே மாதம். வைகாசி முகூர்த்தத்துக்கான ஆர்டர். அந்த ஒரு வாரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் மூன்று முறை தானாக அணைந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், அவர் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடப் போய்விட்டுத் திரும்பினால் அணைந்து கிடக்கும். மூன்றாவது முறை, திறந்து வைத்திருந்த ஒரு பார்டர் டிசைன் ஃபைல் பிறகு திறக்கவே இல்லை.

ரிப்பேர் பார்க்க வந்த பையன் பெட்டியைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னான். "மதர்போர்டு போயிடுச்சுண்ணே. புதுசா எடுத்துடுங்க, முப்பத்தஞ்சாயிரம் ஆகும்."

லீவுக்கு வந்திருந்த மகள், இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். "ரெண்டு நாள் பொறுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்றாள்.

இதே நிலைமை பல வீடுகளில் உண்டு. நம் ஊரில் மொத்தப் பெட்டியையும் 'சிபியு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சிபியு என்பது, அதாவது ப்ராசஸர் என்பது, உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரமான ஒரு சில்லு. அதன்மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஹீட்சிங்க். அதற்கும் மேலே ஃபேன். சில்லின் சூட்டைத் தகடு வாங்கிக்கொள்ளும், தகட்டின் சூட்டைக் காற்று கொண்டுபோகும். பல ப்ராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால், கருகிப்போகாமல் இருக்கக் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். ஆகவே தானாக அணைவது நோய் இல்லை, தற்காப்பு.

மகள் முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் எட்டிப் பார்த்த அப்பா பதறிவிட்டார். "அதோ பாரும்மா திருடன்! 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்', 96 சதவீதம் திங்குது!"

பல பேர் ஏமாறும் இடம் இது. 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்பது எதையும் தின்னும் புரோகிராம் அல்ல. ப்ராசஸர் எத்தனை சதவீதம் சும்மா இருக்கிறது என்று காட்டும் கணக்கு. 96 என்றால் 96 பங்கு ஓய்வு, 4 பங்குதான் வேலை. அந்த எண் பெரிதாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம். அங்கே இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். ஒன்று பயன்பாடு, சதவீதத்தில். இன்னொன்று வேகம், ஜிகாஹெர்ட்ஸில். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வீண் பயம் வருகிறது. அவள் பார்த்தபோது பயன்பாடு 3 சதவீதம், வேகம் 3.9. வேலையே இல்லாமல் ஏன் இந்த ஓட்டம்?

இன்றைய ப்ராசஸர்கள் நின்று நிதானமாக வேலை செய்பவை அல்ல. சின்ன வேலை வந்தாலும் உச்ச வேகத்தில் பாய்ந்து முடித்துவிட்டு, உடனே தூங்கப் போய்விடும். மெதுவாக ஊர்வதைவிட இதில்தான் மின்சாரம் மிச்சம். நாம் டாஸ்க் மேனேஜரைத் திறப்பதே அதற்கு ஒரு வேலை, அதனாலேயே எண் ஏறும். ஆக, வேகம் அதிகமாக இருந்து, பயன்பாடும் சூடும் குறைவாக இருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால், விண்டோஸின் பவர் அமைப்பில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்திருந்தால், ப்ராசஸரின் குறைந்தபட்ச நிலை 100 சதவீதம் ஆகிவிடும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு வேகம்தான். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பது போல. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அதற்குள் 'ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்று போனால் 'மினிமம்' என்ற வரி இருக்கும். அங்கே 100 இருந்தது. அவள் 5 என்று மாற்றினாள். அல்லது 'பேலன்ஸ்டு' திட்டத்துக்கு மாறிவிட்டாலும் போதும். வேகம் ஒன்றரைக்கு இறங்கியது. அப்பா முகத்தில் வெளிச்சம்.

சூடு? மூன்றே டிகிரிதான் இறங்கியது. 82-ல் நின்றது.

ப்ராசஸரின் சூட்டை டாஸ்க் மேனேஜர் காட்டாது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் காட்டும். அவற்றைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குவது முக்கியம். காய்ச்சல் பார்க்கப் போய் வைரஸ் வாங்கி வருவானேன்?

எத்தனை டிகிரி வரை சாதாரணம்? இணையத்தில் 'சும்மா இருக்கும்போது 35, 40' என்று படித்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். அது ஏ.சி அறைக்கும் குளிர் நாட்டுக்கும் சொன்ன கணக்கு. ஃபேன் வைத்த ஹீட்சிங்க் அறையின் காற்றைவிடக் குளிர்ந்து போகவே முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் 10 முதல் 20 டிகிரி வரை இருப்பது இயல்பு. காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில் ஓடு வேய்ந்த வீட்டின் முன்னறை 36, 38 இருக்கும். அப்படியானால் 55 காட்டினால்கூடப் பதற வேண்டாம். ஆனால் பயன்பாடு 3 சதவீதம் இருக்கும்போது 82 என்பது சரியில்லை. வேலை குறைவு, சூடு அதிகம் என்றால் குளிர்விக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. வேலையும் அதிகம், சூடும் அதிகம் என்றால் உள்ளே ஏதோ புரோகிராம் ஓடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் ரிப்பேர் கடைக்குப் போகும் செலவில் பாதி மிச்சம்.

கரன்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹீட்சிங்க்கின் தகடு தெரியவில்லை. ஃபேனுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. பட்டு இழையின் பிசிறு, நூல் தூசி, தினமும் காட்டும் சாம்பிராணிப் புகையின் படிவு எல்லாம் சேர்ந்து கம்பளிபோல ஒட்டியிருந்தது. போதாததற்கு, தூசி படக் கூடாது என்று பெட்டிக்கு அம்மா தைத்துப் போட்டிருந்த அழகான பூப்போட்ட உறை, பின்பக்கக் காற்று வழியை முழுதாக மூடியிருந்தது!

சுத்தம் செய்வதிலும் பக்குவம் வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். வாக்வம் கிளீனர் வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் போர்டுக்கு ஆகாது. ஈரத்துணி கிட்டேயே வரக் கூடாது. பெயின்ட் பிரஷ் போதும். வெளித்திண்ணையில் வைத்துச் செய்வது நல்லது, இல்லாவிட்டால் அவ்வளவும் பாவு நூலில் போய் ஒட்டும்.

ஹீட்சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் முளைகள் பிடித்திருந்தன. அதில் ஒன்று மேலே எழும்பி நின்றது. பெட்டியை டூ வீலரில் மடியில் வைத்துக் கொண்டுபோய் வந்தால் இப்படி ஆவது சகஜம். ஒரு முளை விலகினாலும் தகடு சில்லின் மேல் சரியாக உட்காராது. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. பழையதைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். அதிகம் வைத்தால் நல்லது என்று பற்பசை மாதிரிப் பிதுக்கக் கூடாது. நான்கு முளைகளையும் எதிரெதிர் மூலையாக அழுத்தியபோது 'டக், டக்' என்று உட்கார்ந்தன.

பெட்டியை மூடி, ஆன் செய்து, கால் மணி நேரம் தொடாமல் விட்டார்கள். 56.

"முப்பத்தஞ்சாயிரம் கேட்டானே!" என்றார் அப்பா. பேஸ்ட் டியூப் விலை ஒரு குடும்பத்தின் டிபன் செலவுகூட இல்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடியும் 'உய்ங்ங்...'.

விண்டோஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் எழுந்து போனதும் அது வீட்டு வேலை பார்க்கும். அப்டேட் இறக்கும், வைரஸ் தேடும், ஃபைல்களுக்கு அட்டவணை போடும். மவுஸை அசைத்ததும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்', 'சர்ச் இண்டெக்ஸர்' என்ற பெயர்கள் மேலே வந்தால் இதுதான் காரணம். ஆயிரக்கணக்கான டிசைன் படங்களைப் புதிதாக ஏற்றிய அன்று இது சில மணி நேரம்கூட நீடிக்கும். விட்டுவிட்டால் தானே முடியும்.

ஆனால் இது தினமும் நடந்தது, விடிய விடிய நடந்தது. மகள் இன்னொன்றையும் கவனித்தாள். மவுஸைத் தொடாமல் கீபோர்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், திறந்த சில விநாடிகளில் ஃபேன் அடங்கியது. திறந்தே வைத்திருந்தால் ராத்திரி முழுக்க அமைதி. மூடிவிட்டுப் போனால் பத்து நிமிடத்தில் சூடு ஏறியது. விண்டோஸின் வீட்டு வேலைக்கு நம்மைப் பார்த்து ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. ஒளிவது திருடன்தான்.

இந்தத் திருடன் பணத்தைத் திருடுவதில்லை, ப்ராசஸரின் உழைப்பைத் திருடுகிறான். 'மொனெரோ' என்ற கிரிப்டோ நாணயத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டரின் ப்ராசஸரிலேயே கணக்குப் போட்டு ஈட்ட முடியும். கரன்ட் பில் மட்டும்தான் இடிக்கும். அதற்காக அடுத்தவர் கம்ப்யூட்டரில் ரகசியமாகப் புகுந்து ஓட்டுவதை கிரிப்டோஜாக்கிங் என்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரில் கிடைப்பது சொற்பக் காசு. பல்லாயிரம் கம்ப்யூட்டர்களில் என்றால்?

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. 2017 செப்டம்பரில் 'காயின்ஹைவ்' என்ற சேவை வந்தது. ஓர் இணையப் பக்கத்தில் சில வரி நிரலை ஒட்டிவிட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவரின் ப்ராசஸர் வேறு யாருக்கோ உழைக்கும். 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளம் உட்பட 4,000-க்கும் மேற்பட்ட தளங்களில் ஒரே நேரத்தில் இது புகுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், குவாஹாட்டியைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தியத் தளங்கள் பலவற்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதில் காஞ்சிபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பதியின் மாநகராட்சி இணையதளமும் ஒன்று. காயின்ஹைவ் 2019 மார்ச்சில் கடையை மூடியது. தொழில் மூடவில்லை. பிரவுசரை விட்டுவிட்டு, கிராக் செய்த மென்பொருள்களுக்குள் குடியேறியது. 2021-ல் அவாஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'க்ராக்கொனாஷ்' விவரத்தின்படி, திருட்டு கேம்கள் வழியாக மட்டும் 2,22,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இப்படி ஒன்று நுழைந்திருந்தது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும்.

"அப்பா, இந்த டிசைன் சாஃப்ட்வேர் ஏதுப்பா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "கூட்டாளி ஒருத்தர் பென் டிரைவ்ல குடுத்தார்மா. காசு குடுத்து வாங்கினா ரொம்ப விலை. போடும்போது மட்டும் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னார்."

விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்பதற்கான பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். அவள் திறந்து பார்த்தபோது, சி டிரைவ் மொத்தமும் அதில் இருந்தது. வாசலில் காவலாளியை நிறுத்தி, 'வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே' என்று சொன்ன கதை.

அந்த வரிகளை நீக்கிவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டினாள். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். கால் மணி நேர வேலை. சிக்கியது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இதுபோன்றவற்றை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. ஆனாலும் ஒருமுறை உள்ளே வந்தவன் வேறு எந்தச் சாவியைச் செய்து வைத்திருக்கிறானோ தெரியாது. அதனால் டிசைன் ஃபைல்களை மட்டும் தனி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை இன்னொரு போனிலிருந்து மாற்றினாள். கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் உடனே 1930-க்கு அழைத்திருக்க வேண்டும். நல்லவேளை, அது நடக்கவில்லை.

கரன்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குள் அடங்க வேண்டிய ப்ராசஸர் நாள் முழுக்க 60 வாட் இழுத்தால், கூடுதல் 50 வாட். ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். அதில் ஏறக்குறைய கால் பங்கு, முகம் தெரியாத ஒருவனின் காசுக்குப் போயிருக்கும்.

போனுக்கும் இது உண்டா என்றால், உண்டு. 2017-ல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் 'லோயாபி' என்ற ஆண்ட்ராய்டு வைரஸைச் சோதனைக்காக ஒரு போனில் ஓட்டினார்கள். இரண்டு நாளில் பேட்டரி உப்பி, பின்மூடியே வளைந்துவிட்டது. 2018-ல் ஆப்பிளும் கூகுளும் போனிலேயே நாணயம் ஈட்டும் ஆப்களுக்குத் தடை போட்டன. அதனால் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை அழுத்தாதவரை ஆபத்து குறைவு. பாக்கெட்டில் போன் சுடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் சிக்னல் இல்லாத இடம், வெயில், சார்ஜில் போட்டபடி வீடியோ. செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகத் தெரியும். அறியாத பெயர் மேலே இருந்தால் தூக்கிவிட வேண்டியதுதான்.

பிள்ளையார்பாளையம் வீட்டில் இப்போது ராத்திரி சத்தம் இல்லை. கட்டமைத்து வரையும் வேலைக்கு இலவச மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொண்டிருக்கிறார் அப்பா. 'பழைய மாதிரி கை வரலை' என்று முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. கெட்டுப்போன பார்டர் ஃபைல் எதிலும் திறக்கவில்லை. அதற்கு இரண்டாவது பிரதியும் இல்லை. ஆர்டருக்கு இன்னும் ஒன்பது நாள்.

திடீரென்று அவருக்கு நினைவு வந்து பரணில் ஏறினார். பழந்துணி மூட்டைக்குப் பின்னால், சரமாகக் கோத்த அட்டைகள். முன்பு ஒருமுறை அதே பார்டருக்குக் குத்தியவை. 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு கொண்டுவந்த அதே முறைதான். ஓர் அட்டை என்பது ஓர் ஊடைக்கு. துளை இருந்தால் அந்தக் கொக்கியின் பாவு இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் கீழேயே இருக்கும். கம்ப்யூட்டர்கள் பிறகு கற்றுக்கொண்ட ஒன்றும் சுழியமும் இதில் ஏற்கெனவே இருந்தது.

தூசியைத் தட்டி, திண்ணையில் விரித்தார்கள். மகள் ஒவ்வோர் அட்டையாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அப்பா மவுஸோடு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா."

"துளை, துளை, வெறும், வெறும், வெறும், துளை..."

"மெதுவா, மெதுவா. முதல் அட்டைதானே இது?"

"ஆமாம்ப்பா. இன்னும் 383 இருக்கு."